அடையாற்றில் எஞ்சியிருப்பவை

சென்னையின் திரு.வி.க. பாலத்திலிருந்து பார்த்தால் அடையாற்றில் உயிர்கள் நிறையத் தெரியும். நீண்ட சிவந்த கால்களால் சேற்றை அளப்பது நெடுங்கால் உள்ளான். கரையில் அசையாமல் நிற்கும் பழுப்புக் கொக்கு மடையான். மூழ்கி எழுவது நீர்க்காகம். வாய் திறந்தபடி மேலே மிதந்து வருவது ஜிலேபி மீன். 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க இனம்.

பெயர் தெரிந்தபின், ஒவ்வொன்றும் எங்கிருந்து மூச்சு வாங்குகிறது என்றும் பார்க்க வேண்டும்.

மீன் வளர லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜன் (நீரில் கலந்துள்ள பிராணவாயு) தேவை என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. கழிவுநீரைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அந்த ஆக்சிஜனைத் தின்று தீர்க்கின்றன. இரவில் பாசியும் பங்கு கேட்கும். விடியலில் அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது ஜிலேபி, காற்றைத் தொட்டிருக்கும் மேல்நீரை உறிஞ்சிப் பிழைக்கிறது. விராலும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் காற்றையே விழுங்கக்கூடியவை. இந்த வசதி இல்லாத மீன்கள் முதலில் போய்விடும்.

உள்ளானுக்கு இரையாகும் செம்புழு, கடிக்காத ஒரு சிறு பூச்சியின் இளம்பருவம். அதன் உடலில் ஹீமோகுளோபின் உண்டு. ஆக்சிஜன் அற்றுப்போகும் சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். சேறு கெடக்கெடப் புழு பெருகும், உள்ளானும் கூடும். பறவைக் கூட்டத்தை வைத்து ஆறு தேறிவிட்டது என்று சொல்வது தவறான கணக்கு. விடியலில் கொக்குகள் திடீரென மொய்த்தால், கீழே மீன்கள் மூச்சுமுட்டி மேலே வந்திருக்கக்கூடும்.

சீனிவாசபுரத்தையொட்டிய முகத்துவாரத்தை மணல்திட்டு அடைக்கும்போது கடல்நீர் உள்ளே வருவது குறைகிறது. அடியில் கறுப்புச் சேறு தங்குகிறது. முதல் கனமழை அதைக் கிளறும். ஹைட்ரஜன் சல்பைடு வெளிப்படும். சில மணி நேரத்தில் மீன்கள் செத்து மிதக்கும்.

நகரின் இன்னொரு ஆறான கூவம் இந்தப் பாதையில் முன்னே போய்விட்டது. 1950 வாக்கில் அங்கே 49 வகை மீன்கள் இருந்தன. 1970களின் இறுதியில் 21. வாரியத்தின் 2022 அறிக்கையில், ஆவடி முதல் சத்யா நகர் வரை அதன் உயிரிய ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்கச் செலவாகும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 345 மில்லிகிராம். குளிப்பதற்கான வரம்பு 3.

கழிவுநீரில் குறைவில்லாமல் பெருகும் ஓர் உயிர் க்யூலெக்ஸ் கொசு. அதன் புழு தலைகீழாகத் தொங்கி, வால்பக்கக் குழாயை நீர்மட்டத்தில் வைத்துச் சுவாசிக்கும். நீரில் ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். அதைத் தின்னும் மீன்களுக்கு அப்படியில்லை. யானைக்கால் நோயைப் பரப்பும் இந்தக் கொசு ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். அடையாற்றையொட்டிய காந்தி நகரும் ராஜா அண்ணாமலைபுரமும் அந்தத் தூரத்துக்குள்ளேயே இருக்கின்றன.