1879 முதல் காத்திருப்பு... ஃபுல்ஹாம் எப்போதாவது ஒரு கோப்பையைத் தூக்குமா?

ஐ.பி.எல் கோப்பைக்காக ஆர்.சி.பி ரசிகர்கள் 18 வருடம் காத்திருந்ததையே நாம் ஆச்சர்யமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் ஒரு கால்பந்து கிளப் இருக்கிறது. பெயர் ஃபுல்ஹாம். ஆரம்பித்தது 1879-ல். இன்றுவரை ஒரு பெரிய கோப்பையைக்கூட ஜெயித்ததில்லை!

சொத்தை அணியா என்றால், அதுவும் இல்லை. 1966-ல் உலகக் கோப்பை ஜெயித்த இங்கிலாந்து அணியின் ஜார்ஜ் கோஹன் இந்த கிளப்பின் வீரர்தான். இங்கிலாந்தில் முதன்முதலாக வாரம் 100 பவுண்டு சம்பளம் வாங்கிய ஜானி ஹெய்ன்ஸும் ஃபுல்ஹாம்காரர்தான். 2024-25 ப்ரீமியர் லீக் சீஸனில் 54 புள்ளிகளுடன் 11-வது இடம். ப்ரீமியர் லீகில் அதுவரை இந்த அணி எடுத்த அதிகபட்சப் புள்ளிகள் இவை. 2002-ல் இன்டர்டோட்டோ என்ற கோடைக்கால ஐரோப்பியத் தொடரில் இத்தாலியின் பொலோன்யாவை வீழ்த்தியது உண்டு. ஆனால், அதைப் பெரிய கோப்பை என்று ஃபுல்ஹாம் ரசிகர்களே சொல்ல மாட்டார்கள்.

லீக் பட்டத்தை இப்போதைக்கு மறந்துவிடலாம். 2016-ல் லெஸ்டர் சிட்டி செய்த அதிசயத்துக்குப் பிறகு 2025 வரை மான்செஸ்டர் சிட்டி, லிவர்பூல், செல்சி ஆகிய மூன்று அணிகளைத் தவிர யாரும் அதைத் தொடவில்லை. மிச்சமிருப்பது எஃப்.ஏ கோப்பை, கரபாவ் கோப்பை, வாய்த்தால் ஒரு ஐரோப்பியக் கோப்பை. முதல் இரண்டும் தோற்றால் வெளியேற வேண்டிய நாக்-அவுட் தொடர்கள்.

116-வது நிமிடம்

ஃபுல்ஹாம் இரண்டு முறை இறுதிப்போட்டி வரை போயிருக்கிறது. முதலாவது, 1975 எஃப்.ஏ கோப்பை. அப்போது இரண்டாவது டிவிஷனில் இருந்த ஃபுல்ஹாமுக்கு ஆடியவர்களில் ஒருவர், 1966-ன் உலகக் கோப்பை கேப்டன் பாபி மூர். எதிரணி, அவர் பல வருடங்கள் ஆடிய வெஸ்ட் ஹாம். 2-0 எனத் தோல்வி.

இரண்டாவது இன்னும் வலி. 2009-10 யூரோப்பா லீக். முன் காலிறுதியின் முதல் ஆட்டத்தில் யுவென்டஸிடம் 3-1 என்று தோற்றுவிட்டு ஊர் திரும்பியது ஃபுல்ஹாம். சொந்த மைதானமான க்ரேவன் காட்டேஜில் இரண்டாவது ஆட்டம். ஆரம்பித்ததுமே யுவென்டஸ் இன்னொரு கோல் அடித்தது. அத்தனை பேரும் 'முடிந்தது கதை' என்று நினைத்த நேரத்தில், பதிலுக்கு நான்கு கோல்! கடைசி கோலை க்ளின்ட் டெம்ப்ஸி கோல்கீப்பரின் தலைக்கு மேல் மெல்லத் தூக்கிப் போட்டார். யூடியூபில் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

அந்த வேகத்தில் ராய் ஹாட்ஜ்ஸனின் அணி ஹாம்பர்க் நகரில் நடந்த இறுதிப்போட்டிக்கே போய்விட்டது. அட்லெட்டிகோ மாட்ரிட்டுடன் 1-1. கூடுதல் நேரம். பெனால்டி ஷூட் அவுட்டுக்குச் சில நிமிடங்கள்தான் பாக்கி. 116-வது நிமிடத்தில் டியேகோ ஃபோர்லான் அடித்த கோல், எல்லாவற்றையும் முடித்துவிட்டது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவதில் ஃபுல்ஹாமை மிஞ்ச ஆள் இல்லை. 2023 எஃப்.ஏ கோப்பை காலிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டை அதன் மைதானத்திலேயே 1-0 என்று திணறடித்துக்கொண்டிருந்தார்கள். கோலுக்குள் போன பந்தை வில்லியன் கையால் தடுத்தார். அடுத்த சில நொடிகளில் அவருக்கு ரெட் கார்டு, நடுவரைத் தள்ளிய மிட்ரோவிச்சுக்கு ரெட் கார்டு, கோபத்தில் கத்திய மேனேஜர் மார்கோ சில்வாவுக்கும் ரெட் கார்டு! ஆட்டம் 3-1 என்று கைமாறியது.

பக்கத்து வீட்டுக்காரர் ஜெயித்துவிட்டார்

2025-ம் வருடம்தான் நிஜமாகவே உறுத்தும். மார்ச் மாதம், நடப்பு சாம்பியனான மான்செஸ்டர் யுனைடெட்டை பெனால்டி ஷூட் அவுட்டில் வெளியேற்றியது ஃபுல்ஹாம். காலிறுதி சொந்த மைதானத்தில். எதிரணி, அதே லண்டனின் கிரிஸ்டல் பேலஸ். நகரத்தின் இன்னொரு நடுத்தரக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆளும் பேரும் ஏறக்குறைய சமம். ஆனால், ஸ்கோர் 0-3.

மே மாதம் அதே பேலஸ் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. எஸே அடித்த ஒரே கோல், கோல்கீப்பர் ஹெண்டர்சன் தடுத்த ஒரு பெனால்டி, அவ்வளவுதான். அவர்களுக்கும் அதுதான் முதல் பெரிய கோப்பை. லீக் பட்டியலில் அந்த சீஸனை பேலஸ் முடித்தது 53 புள்ளிகளுடன் 12-வது இடத்தில். அதாவது, ஃபுல்ஹாமுக்கு ஒரு படி கீழே! 2002-ல் ஃபுல்ஹாமிடம் தோற்ற பொலோன்யாவும் அதே மே மாதத்தில் இத்தாலியக் கோப்பையை ஜெயித்துவிட்டது.

அப்படியானால் ஃபுல்ஹாமின் வாய்ப்பு எவ்வளவு? ப்ரீமியர் லீக் அணி எஃப்.ஏ கோப்பையை ஜெயிக்க ஆறு சுற்றுகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்தால், மொத்தத்தில் 64-ல் 1. கொஞ்சம் தாராளமாக ஒவ்வொரு சுற்றிலும் 60 சதவிகிதம் என்றாலும், 5 சதவிகிதத்தைத் தொடவில்லை. கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால், அந்த 5 சதவிகித வாய்ப்போடு விடாமல் 20 வருடம் ஆடினால், ஒருமுறையாவது ஜெயிக்கும் வாய்ப்பு 60 சதவிகிதத்தைத் தாண்டிவிடும். கரபாவ் கோப்பையையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

சிக்கல் அந்த 'விடாமல்' என்ற சொல்லில்தான். 2014, 2019, 2021 என்று மூன்று முறை ப்ரீமியர் லீகிலிருந்து கீழே இறக்கப்பட்ட அணி இது. கீழே போனால் நல்ல வீரர்கள் கிளம்பிவிடுவார்கள், மறுபடி பூஜ்யத்திலிருந்து கட்ட வேண்டும். அதனால்தான் நடுத்தர கிளப்புகள் கோப்பைப் போட்டிகளில் முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுக்கின்றன. பணக் கணக்கும் அதையே சொல்கிறது. லீகில் ஒரு இடம் மேலே முடித்தால் கூடுதலாகச் சுமார் 30 லட்சம் பவுண்டு. 2024-25 சீஸனில் எஃப்.ஏ கோப்பை இறுதிப்போட்டியை ஜெயித்ததற்குப் பரிசு 20 லட்சம்தான்! 2013-ல் விகன் அணி எஃப்.ஏ கோப்பையை ஜெயித்த மூன்றாவது நாளே ப்ரீமியர் லீகிலிருந்து இறங்கியதை எந்த மேனேஜரும் மறக்கவில்லை.

ஆனால், 54 புள்ளி எடுக்கும் அணிக்கு அந்தப் பயம் எதற்கு? 11-வது இடத்தில் முடித்தாலும் 13-வது இடத்தில் முடித்தாலும் பத்து வருடம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது. மிட்ரோவிச், பலீன்யா போன்றவர்களை விற்ற பிறகும் சில்வா அணியைக் குலையாமல் வைத்திருந்தார். 2024-ல் கிளப் வரலாற்றில் முதல்முறையாக லீக் கோப்பை அரையிறுதியில் ஆடி, லிவர்பூலிடம் மொத்தக் கணக்கில் ஒரே கோல் வித்தியாசத்தில்தான் தோற்றார்கள். ஃபுல்ஹாம் கோப்பை ஜெயிப்பதற்கு இதைவிட நல்ல காலம் 2010-க்குப் பிறகு வந்ததில்லை என்பேன்.

பேலஸிடம் தோற்ற பிறகு அடுத்த வாய்ப்பு ரொம்பத் தூரத்தில் இருக்கவில்லை. 2025 ஆகஸ்ட் 27, கரபாவ் கோப்பை இரண்டாவது சுற்று, க்ரேவன் காட்டேஜில் பிரிஸ்டல் சிட்டியுடன். இதுபோன்ற ஒவ்வொரு ஆட்டமும் தொடங்குவதற்கு முன்பு பதினோரு பேர் கொண்ட பட்டியல் வெளியாகும். முக்கிய வீரர்களில் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.