அமெரிக்க மருத்துவம்: உயர்வும் விலையும்

ஒரு ஞாயிறன்று இரண்டாம் திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றிருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவரும் அவர்தம் மனைவியாரும் என்னிடம் வந்தனர். அமெரிக்காவில் வாழும் மகளுக்குப் பேறுகாலம் நெருங்குகிறது. ஆறு மாதம் அங்கே தங்கிவர இருவரும் புறப்படுகின்றனர். ஆசீர் பெற வந்தவர்கள் ஓர் ஐயத்தையும் உடன் கொண்டு வந்திருந்தனர்.

"சாமி, எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பது தங்களுக்குத் தெரியும். அங்கே ஏதாவது நேர்ந்தால் உலகிலேயே சிறந்த வைத்தியம் கிடைக்கும், கவலை வேண்டாம் என்கிறார் மருமகன். கனடாவிலிருந்து வந்திருக்கும் என் தம்பி மகனோ, 'பெரியப்பா, அங்கே நோயில் விழுந்தால் வீட்டை விற்க வேண்டியதுதான்' என்கிறான். யார் சொல்வது மெய்?"

இருவர் சொல்வதும் மெய்தான் என்றேன். பெரியவர் திகைத்தார். அவருக்கு அன்று கூறியதை, பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பியிருக்கும் ஏனைய குடும்பங்களும் அறிந்துகொள்வது நலம் என எண்ணி இங்கே எழுதுகிறேன்.

முதலில் மருமகனின் கட்சியைப் பார்ப்போம். 1883ஆம் ஆண்டு மினசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர் என்னும் சிற்றூரைப் பெருஞ்சூறாவளி தாக்கியது. காயமுற்றோரைப் பேணுவதில் பிரான்சிஸ்கு சபைக் கன்னியர், டாக்டர் மேயோவுக்குத் துணை நின்றனர். அவ்வூருக்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அன்னை ஆல்பிரட் மோஸ் உறுதிபூண்டார். சகோதரிகள் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து, 1889இல் புனித மரியன்னை மருத்துவமனையைத் திறந்தனர். இன்று உலகின் பல நாடுகளிலிருந்தும் பிணியாளர் நாடிச் செல்லும் மேயோ மருத்துவமனை இவ்வாறு வளர்ந்ததே. புதிய மருந்துகளும் நுண்கருவிகளும் பெரும்பாலும் முதலில் அமெரிக்காவில்தான் பயனுக்கு வருகின்றன. மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர் ஐந்தாண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்கின்றனர். இதில் அந்நாடு உலகின் முன்வரிசையில் நிற்கிறது. நல்ல காப்பீடு உடையவர் அறுவை சிகிச்சைக்காக நெடுங்காலம் காத்திருப்பதும் குறைவு. ஆனால் இங்கிலாந்தில் 2023இல் மருத்துவமனைச் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் 70 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. கனடாவிலும் இடுப்பு, முழங்கால் மூட்டுகளை மாற்றப் பல மாதங்கள் காத்திருப்போர் உண்டு.

இனித் தம்பி மகனின் கட்சி. 2023ஆம் ஆண்டில் அமெரிக்கா மருத்துவத்திற்காகத் தலைக்கு ஏறக்குறைய 14,570 டாலர் செலவிட்டது. நாட்டின் மொத்த உற்பத்தியில் இது நூற்றுக்கு 17.6 பங்கு. மற்றச் செல்வ நாடுகள் சராசரியாக இதில் பாதியளவே செலவிடுகின்றன. இத்துணைப் பொருள் கொட்டியும் அங்கே சராசரி ஆயுள் 2023இல் 78.4 ஆண்டுகளே, ஜப்பானில் அது 84. உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிறையுமுன் இறப்போர் அமெரிக்காவில் ஐவருக்கு மேல். ஜப்பானில் இருவர்கூட இல்லை. நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். ஆயுட்குறைவுக்கெல்லாம் மருத்துவரே பொறுப்பல்லர். துப்பாக்கிச் சூடு, சாலை விபத்து, போதைமருந்து, உடற்பருமன் ஆகியவையும் அங்கே பல உயிர்களை வாரிக்கொள்கின்றன.

அப்படியாயின் பணம் எங்கே போகிறது? அமெரிக்கர் அடிக்கடி மருத்துவரிடம் ஓடுகின்றனர் என்று சிலர் கருதுவதுண்டு. அது சரியன்று. 2003ஆம் ஆண்டு ஊவே ரைன்ஹார்ட் உள்ளிட்ட அறிஞர் நால்வர் கணக்கிட்டுக் காட்டியது வேறு. அமெரிக்கர் மருத்துவரைக் காண்பதும் மருத்துவமனையில் தங்குவதும் பிற நாட்டாரைவிட மிகுதியல்ல; ஒவ்வொன்றின் விலைதான் மிகுதி. பிற நாடுகளில் அரசோ, அரசின் கண்காணிப்பில் இயங்கும் காப்பீட்டு நிதிகளோ கட்டணத்தைப் பேசி முடிவு செய்கின்றன. அமெரிக்காவில் எண்ணற்ற காப்பீட்டுக் கம்பெனிகள் தனித்தனியே பேரம் பேசுகின்றன. ஒரே சோதனைக்கு ஒரே ஊரிலேயே பல விலை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு விதி. அவ்விதிகளுக்கேற்பப் பில் எழுதவே பெருங்கூட்டம் வேலை செய்கிறது. அக்கூலியும் நோயாளியின் தலையில்தான் விழுகிறது.

இந்நிலை ஒரே நாளில் தோன்றியதன்று. ஜெர்மனி 1883இலேயே தொழிலாளர்க்கு நோய்க் காப்பீட்டைச் சட்டமாக்கியது. இங்கிலாந்தில் அனூரின் பெவன் அமைச்சராயிருந்தபோது, 1948 ஜூலை 5 அன்று தேசிய மருத்துவப் பணி தொடங்கியது. ஜப்பான் 1961இல் மக்கள் அனைவரையும் காப்பீட்டின்கீழ்க் கொணர்ந்தது. கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலம் 1962இல் பொது மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கியபோது, மருத்துவர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். திட்டமோ நிலைத்தது, பின்னர் நாடெங்கும் பரவியது. அமெரிக்காவிலோ, இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் கூலி உயர்வுக்குக் கட்டுப்பாடு வந்தது. கூலியை உயர்த்த இயலாத முதலாளிகள் காப்பீட்டைச் சலுகையாக அளிக்கலாயினர். அன்று தொட்டு மருத்துவம் வேலையோடு பிணைந்தது. வேலை போனால் காப்பீடும் போகும் நிலை பிறந்தது. 1965இல் அதிபர் ஜான்சன் முதியோர்க்கும் வறியோர்க்கும் இரு திட்டங்களைச் சட்டமாக்கினார். 2010ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் பலரைச் சேர்த்தது. ஆயினும் 2023இல் ஏறத்தாழ இரண்டரைக் கோடி மக்களுக்கு எக்காப்பீடும் இல்லை.

சர்க்கரை நோயாளிகள் சிந்திக்க ஒரு செய்தி. இன்சுலின் மருந்தை 1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங்கும் அவர்தம் தோழர்களும் கண்டறிந்தனர். அதன் உரிமையைப் பல்கலைக்கழகத்திற்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு விற்றுவிட்டனர். நூறாண்டு கழிந்த பின்னும், செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில் விலைக்கு அஞ்சி இன்சுலினை அளவு குறைத்துப் போட்டுக்கொண்டவர்கள் இருந்தனர். 2022ஆம் ஆண்டுச் சட்டமே முதியோர் திட்டத்திலிருப்போர்க்கு மாதம் 35 டாலர் என வரம்பு கட்டியது.

மருத்துவம் பெறுவது மனிதரின் உரிமைகளுள் ஒன்று எனப் பாப்பரசர் 23ஆம் அருளப்பர், "அவனியில் அமைதி" என்னும் தம் சுற்றுமடலில் 1963இல் எடுத்துரைத்தார். அதை அரசு நடத்துவதா, தனியார் நடத்துவதா என்பதில் நல்லோரிடையேயும் கருத்து வேற்றுமை இருக்கலாம். அரசு நடத்தினால் காத்திருப்பு நீளலாம்; தனியார் நடத்தினால் விலை ஏறலாம். ஆனால் நோயுற்றவன் தன் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாயிற்படி ஏற வேண்டும் என்னும் நிலை மட்டும் யாருக்கும் ஏற்புடையதாக இருக்க முடியாது.

இனி, பயணம் புறப்படுவோர் மனத்திற்கொள்ள வேண்டியவை. அமெரிக்க அரசின் முதியோர் திட்டம் நம்மைப் போன்ற விருந்தாளிகளுக்கு உரியதன்று. எனவே பயணக் காப்பீடு இன்றிப் புறப்படலாகாது. முன்பே உள்ள நோய்க்கு அக்காப்பீடு பணம் தருமா, எவ்வளவு தரும் என்பதைப் படித்தறிந்த பின்னரே கையெழுத்திடுக. தேவையான மருந்துகளை மருத்துவரின் சீட்டுடன் எடுத்துச் செல்க. உயிருக்கு ஆபத்தெனில் தயங்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்க. பணமில்லை என்று கூறி அங்கே திருப்பியனுப்பலாகாது என்பது 1986 முதல் அந்நாட்டுச் சட்டம். ஆனால் பில் பின்னால் வரும் என்பதையும் மறவற்க. சிறு காய்ச்சலுக்கு அவசரப் பிரிவை நாடினால் செலவு பன்மடங்காகும். அருகிலுள்ள சிறு கிளினிக்கே போதும். பில் வந்தால் ஒவ்வோர் இனத்திற்கும் விவரம் கேளுங்கள். இலாப நோக்கற்ற மருத்துவமனைகள் ஏழைகளுக்கான உதவித் திட்டம் வைத்திருத்தல் வேண்டும் என்று 2010ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவதில் வெட்கமில்லை.

இவற்றைக் கேட்ட பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு மனைவியாரைப் பார்த்து, "மகளுக்கு வாங்கிய சங்கிலியைக் கொஞ்சம் மெலிதாகச் செய்துகொள்வோம். மிச்சப் பணத்தில் நல்ல காப்பீடாக எடுத்துவிடுவோம்" என்றார். அம்மையார் தலையசைத்தார். நான் இருவர் தலைமீதும் கை வைத்து ஆசீர் அளித்தேன். பிறக்கப்போகும் பேரப்பிள்ளையைக் கையில் ஏந்தும்போது, இந்தச் செலவை அவர்கள் ஒரு பொருட்டாக நினைக்கமாட்டார்கள்.