பிக்கப்பைத் தாழ்த்தினால் பிரேக் ஏன் குழம்புகிறது?

நெல் மூட்டைகளை அடுக்கிய பிக்கப்பின் பின்புறம் எப்படி இருக்கும்? அமுங்கி, பின்சக்கரங்கள் பாதி மறைந்து நிற்கும். அதே வண்டியைக் காலியாக வைத்துக்கொண்டே பட்டறையில் 2 அங்குலம் தாழ்த்திவிட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அடியில் இருக்கும் ஒரு சிறு வால்வு, வண்டியில் பாரம் ஏறிவிட்டது என்றே நினைத்துக்கொள்ளும். மழை நாளில் அந்தத் தவறான நினைப்பு உயிரோடு விளையாடும்.

கெப்பாலா பத்தாஸ் வட்டாரம் வயலும் வரப்புமான பூமி. இங்கே ஒரு காலத்தில் உழைத்து ஓய்ந்த டாட்சன், ஹைலக்ஸ் போன்ற பழைய பிக்கப்களைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கும் ஆசை உங்களுக்கும் இருக்கலாம். ஹைலக்ஸின் முதல் தலைமுறை 1968-இல் வந்தது. ஆக, அரை நூற்றாண்டைக் கடந்த வண்டிகள் இவை. தாழ்த்துவதற்கு முன் அவற்றின் ஸ்பிரிங் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஸ்பிரிங் வைத்த மாட்டுவண்டியை நம் முன்னோர் வில்வண்டி என்றார்கள். பொருத்தமான பெயர். பிக்கப்பின் பின்னால் இருக்கும் பட்டை ஸ்பிரிங்கும் வளைந்து கொடுக்கும் வில்தான். குதிரை வண்டிக்கு இரும்புப் பட்டை ஸ்பிரிங் பொருத்தும் முறைக்கு இங்கிலாந்தின் ஒபடையா எலியட் 1804-இல் காப்புரிமை பெற்றார். அடிப்படை இன்னும் மாறவில்லை.

வண்டியின் எடையால் ஒரு ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறதோ, அதை வைத்தே அது வினாடிக்கு எத்தனை முறை ஆடும் என்று சொல்லிவிடலாம். 25 சென்டிமீட்டர் அமுங்கினால் வினாடிக்கு ஒருமுறை, அதாவது தொட்டில் போல மெதுவான ஆட்டம். 6 சென்டிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால் வினாடிக்கு இரண்டு முறை. பிக்கப்பின் பின் ஸ்பிரிங் பெரும் பாரத்தைத் தாங்கச் செய்தது. காலியாக ஓடும்போது அது அதிகம் அமுங்காது, அதனால்தான் குதிக்கிறது. வண்டியின் பிறவிக் குணம் அது.

ஆனால் எல்லா ஆட்டமும் பிறவிக் குணம் அல்ல. ரப்பர் புஷ் இறுகி வெடித்திருக்கும், அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருக்கும், முன்சக்கரத்தின் பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கும். என்னைக் கேட்டால், முதலில் இவற்றை மாற்றிவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள் என்பேன். தாழ்த்தும் ஆசையே பாதி போய்விடக்கூடும்.

புஷ் மாற்றும்போது பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. வண்டி ஜாக்கில் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டுப்போகிறது. வண்டியை இறக்கியதும் ஸ்பிரிங் அமுங்க, ரப்பர் முறுகியபடியே கிடந்து சீக்கிரம் கிழிகிறது. சக்கரங்கள் தரையில் நின்று எடையைத் தாங்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும்.

இனி தாழ்த்தும் வேலை. முன்னால் சுருள் ஸ்பிரிங் இருந்தால் சிலர் அதை வெட்டிவிடுவார்கள். எட்டுச் சுற்றில் இரண்டை வெட்டினால் மீதமுள்ளது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விறைப்பாகும், ஏனென்றால் முறுக்குவதற்குக் கம்பி குறைந்துவிட்டது. தீயில் காய்ச்சித் தாழ்த்துவது இதைவிட மோசம். எஃகின் பதம் போய், ஸ்பிரிங் நாளடைவில் தொய்ந்துவிடும். அந்த அளவுக்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங் வாங்குவதுதான் சரி. அமுங்கிய சுருள் ஸ்பிரிங் கழன்று பாய்ந்தால் ஆளைக் கொல்லும். அதற்குரிய கருவி இல்லாமல் வீட்டு வாசலில் தொடவே தொடாதீர்கள்.

பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஓர் இரும்புக் கட்டையைச் செருகுகிறீர்கள். வண்டி தாழுமா, உயருமா? குனிந்து பாருங்கள். பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருந்தால் வண்டி தாழும். மேலே இருந்தால் உயர்ந்துவிடும்! இரண்டாவது வகை வண்டியில் ஆக்ஸிலையே பட்டைக்கு மேலே கொண்டுவந்து பொருத்த வேண்டும், அது பெரிய வேலை. எதுவானாலும் பழைய யூ போல்ட்டைத் திரும்பப் பூட்டாதீர்கள். புதிதைப் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்குங்கள்.

இவ்வளவுக்கும் கிடைக்கும் லாபம் என்ன? 1000 கிலோ வண்டி, சக்கர இடைவெளி 130 சென்டிமீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமான ஒரு வளைவில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து சுமார் 230 கிலோ வெளிப்பக்கத்துக்கு மாறும். 5 சென்டிமீட்டர் தாழ்த்தினால் அது 210 கிலோ ஆகும். லாபம்தான், ஆனால் சின்ன லாபம். அதற்கு விலையாகக் கொடுப்பது ஸ்பிரிங் அமுங்கும் இடத்தை. ஆக்ஸிலுக்கும் அதைத் தடுக்கும் ரப்பர் கட்டைக்கும் நடுவே 8 சென்டிமீட்டர் இருந்தால், மீதி 3 மட்டுமே. குழியில் விழுந்தால் அடி நேராகச் சட்டத்துக்கு.

இப்போது அந்த வால்வு. பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு கம்பி மேலே போய், சட்டத்தில் இருக்கும் பிரேக் வால்வோடு சேர்ந்திருக்கும். அதற்கு எடை தெரியாது, உயரம்தான் தெரியும். சட்டம் கீழே வந்தால் பாரம் ஏறிவிட்டது என்று கணக்குப் போட்டு, பின்சக்கரத்துக்கு அதிக பிரேக் அழுத்தத்தை அனுப்பும். தாழ்த்திய காலி வண்டியிலும் அதையேதான் செய்யும். ஈரச் சாலையில் பிரேக் மிதித்ததும் எடையில்லாத பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ள, வண்டியின் வால் முன்னே வந்துவிடும். எனவே உங்கள் வண்டியில் அந்தக் கம்பி இருந்தால், எத்தனை தாழ்த்தினீர்களோ அத்தனைக்கு அதையும் திருத்திப் பொருத்த வேண்டும். பட்டறைக்காரரிடம் நீங்களே கேளுங்கள்.

வேலை தொடங்கும் முன் ஜேபிஜே எதை அனுமதிக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1958-இல் ஒரு சட்டம் வந்தது: சக்கரங்களைத் தவிர வண்டியின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது. டயர் வெடித்து வண்டி ரிம்மில் உட்கார்ந்தாலும் வேறு எதுவும் தார்ச்சாலையை உரசாமல் இருக்க இந்த எல்லை உதவும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பக்க ரிம்மின் அடியிலிருந்து மறுபக்க ரிம்மின் அடிக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். யூ போல்ட்டின் முனையோ, புகைக்குழாயோ நூலுக்குக் கீழே தொங்கினால், கட்டையின் உயரத்தைக் குறைத்துப் பூட்டச் சொல்லுங்கள்.