கார்த்திகை விண்மீன்களைச் சூழ்ந்த மேகம் அவற்றின் பிறப்பிடம் அல்ல

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி எல்லையோர மலைகளில் விளக்கொளி குறைந்த இடங்களிலிருந்து, கார்த்திகை மாத முன்னிரவுகளில் கிழக்கு வானில் கார்த்திகை விண்மீன் கூட்டத்தை வெறும் கண்ணால் காணலாம். சுமார் 440 ஒளியாண்டு தொலைவிலுள்ள இக்கூட்டத்தின் வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள். சூரியனின் வயதோ சுமார் 460 கோடி ஆண்டுகள்.

நீண்ட நேரம் ஒளியேற்றி எடுக்கப்படும் படங்களில் இதனைச் சூழ்ந்து நீல நிற நெபுலா தெரியும். விண்மீன்கள் பிறந்த மேகத்தின் எச்சமே இது என முன்னர் கருதப்பட்டது. எனினும், விண்மீன்களும் மேகமும் வெவ்வேறு திசைவேகத்தில் நகர்வதால், இது வழியில் எதிர்ப்பட்ட மேகம் என்று வானியலாளர்கள் விளக்குகின்றனர். அதிலுள்ள தூசு, விண்மீன்களின் நீல ஒளியைச் சிதறடிக்கிறது.

மாறாக, சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஓரியன் நெபுலாவில் இன்றும் விண்மீன்கள் பிறக்கின்றன. இளம் விண்மீன்களின் புற ஊதாக் கதிர்களால் அதன் வாயுவே ஒளிர்கிறது.