ரண சிகிச்சைக்கு முன் மனக் கலக்கம்

ஐம்பது வயதைக் கடந்த ஆடவர் பலருக்குப் பிராஸ்டேட் சுரப்பி பருத்துச் சிறுநீர் தடைப்படுவதுண்டு. சிலருக்கு அச்சுரப்பியில் புற்றுநோயும் தோன்றும். மருந்துகளால் குணம் காணாதபோது ரண சிகிச்சை அவசியமாகிறது. ஆஸ்பத்திரிக்கு வரும் முதியவர் கத்திக்கு மட்டும் அஞ்சுவதில்லை. இனிச் சிறுநீரை அடக்க இயலுமா, தாம்பத்திய வாழ்வு என்னவாகும் என்றெல்லாம் எண்ணி மருகுகிறார். வைத்தியரைக் கேட்க நாணுகிறார். கேளாமையால் அச்சம் மேலும் வளர்கிறது. 'கவலை' என்னும் சொல் இந்நிலைக்குப் போதாதாகையால் இதனைக் 'கலக்கம்' என்றே இங்கு வழங்குகிறோம்.

கலக்கம் உள்ளத்தளவில் நிற்பதன்று. அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் மிகுதியாகச் சுரக்கின்றன. நாடி விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. இந்நிலை நீடிப்பின் புண் ஆறுவதும் தாமதப்படும். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் அறிவு மங்கிய உறவினரைப் பேணி வந்த 13 பெண்களுக்குச் சிறு காயம் ஒன்றைச் செய்து கவனித்தனர். ஒத்த வயதினரான ஏனைய பெண்களைவிட அவர்களுக்குக் காயம் ஆற ஏறத்தாழ 9 நாட்கள் கூடுதலாயின. இது 1995-இல் வெளியான செய்தி.

இத்துறையில் பெரிதும் பேசப்படுவது, பாஸ்டன் நகரில் லாரன்ஸ் எக்பர்ட் என்னும் மயக்க மருந்து நிபுணரும் அவர் குழுவினரும் 1964-இல் வெளியிட்ட ஆய்வாகும். வயிற்றில் ரண சிகிச்சை பெறவிருந்த 97 பேரில் 46 பேருக்கு, வலி எங்கே தோன்றும், எவ்வளவு கடுமையாயிருக்கும், எத்தனை காலம் நீடிக்கும் என்பன முன்னரே விளக்கப்பட்டன. தசைகளைத் தளர்த்துவதும், ஆழ்ந்து மூச்சு விடுவதும், படுக்கையில் புரளும் முறையும் கற்பிக்கப்பட்டன. யாருக்கு இவ்விளக்கம் கிடைத்ததென்பது ரண சிகிச்சை நிபுணர்களுக்குத் தெரியாது. விளக்கம் பெற்றோருக்குச் சிகிச்சைக்குப் பின் மார்பின் போன்ற மருந்துகள் ஏறக்குறையப் பாதியே தேவைப்பட்டன, சராசரியாக 2.7 நாட்கள் முன்னதாகவே அவர்கள் வீடு திரும்பினர். புதிய மருந்து எதுவும் இதற்கு வேண்டியிருக்கவில்லை என்பதை நினைவிற் கொள்க.

பிராஸ்டேட் நோயாளிகளிடத்தும் இத்தகைய முயற்சி நடந்துள்ளது. ஹூஸ்டன் நகரில் புற்றுநோய்க்காக அச்சுரப்பியை அகற்றிக்கொள்ளவிருந்த 159 ஆடவரில் ஒரு பிரிவினருக்கு மூச்சுப் பயிற்சி முதலியன முன்கூட்டியே கற்பிக்கப்பட்டன. சிகிச்சை முடிந்த இரண்டு நாட்களில் அவர்களுடைய இரத்தத்தில் நோயெதிர்ப்பைக் காட்டும் சில குறிகள் உயர்ந்திருந்தன என 2011-இல் அறிவித்தனர். இதனால் புற்றுநோயே விலகுமென்று எவரும் கூறவில்லை. ஊழியர்களும் அவ்வாறு சொல்லிவிடலாகாது.

கிராமத்தில் ஒரு பெரியவரை இச்சிகிச்சைக்கு அனுப்புங்கால் ஊழியர் கூறத்தக்கவை சில உள. சிறுநீர்க் குழாய் சில நாட்கள் பொருத்தப்பட்டிருக்கும். முதலில் சிறுநீர் செந்நிறமாக வெளியேறும். சுரப்பியை முழுதும் அகற்றினால் சில வாரங்களோ மாதங்களோ சிறுநீர் கசிவதுண்டு. பெரும்பாலோர்க்கு அது படிப்படியாகக் குறையும். தாம்பத்தியம் பற்றிய ஐயத்தை வைத்தியரிடமே தயங்காது கேட்குமாறு, தனியே அழைத்துச் சொல்லுதல் வேண்டும். பிறர் முன்னிலையில் அன்று.