பீதரில் ஓர் அறக் கல்விச்சாலை

பாமினி சுல்தான்களின் தலைநகராக விளங்கிய பீதர், இன்று கர்நாடக மாநிலத்தின் வடகோடியில் உள்ளது. அதன் பழைய நகர்ப்பகுதியில், ஒற்றை மினாராவுடன் சிதைந்து நிற்கும் மூன்றடுக்குக் கட்டடமே மஹ்மூத் கவான் மதரஸா. மாணவர்க்குக் கல்வியோடு உணவும் உறைவிடமும் கட்டணமின்றி அளித்த நிலையம் இது.

ஈரானின் கீலான் பகுதியில் பிறந்த மஹ்மூத் கவான், 1453இல் வணிகராகப் பீதருக்கு வந்தார். பின்னர் பாமினி அரசின் தலைமை அமைச்சரானார். 1472இல் இம்மதரஸாவைக் கட்டி முடித்தார்.

கட்டடம் கிழக்கு மேற்காக 205 அடியும், வடக்கு தெற்காக 180 அடியும் கொண்டது. நடுவில் திறந்த முற்றம். அதைச் சுற்றிலும் விரிவுரைக் கூடங்கள், நூலகம், தொழுமிடம், மாணவர் அறைகள், ஆசிரியர் இல்லங்கள் அமைந்திருந்தன. நூலகத்தில் சுமார் 3,000 நூல்கள் இருந்தனவாம். வடக்கு, தெற்கு, மேற்குப் புறங்களின் நடுப்பகுதி அரை எண்கோணமாக வெளியே நீண்டு, மேலே குவிமாடம் தாங்குகிறது. கிழக்கு முகப்பின் இரு முனைகளிலும் மினாராக்கள் எழுந்தன. முகப்பை அணிசெய்த மெருகு ஓடுகளின் நீலமும் வெண்மையும் மஞ்சளும் இன்றும் ஆங்காங்கே எஞ்சியுள்ளன. சமர்க்கந்து, ஈரான் மதரஸாக்களின் மரபைத் தக்காணத்து மண்ணில் இங்கே காண்கிறோம்.

கவானின் முடிவு துயரமானது. பகைவர்கள் வஞ்சகமாக அவரது முத்திரையை வெற்றுத்தாளில் பெற்று, ஒரிசா மன்னருக்கு அவர் எழுதியதுபோல் கடிதம் புனைந்தனர். அதை நம்பிய மூன்றாம் முஹம்மது ஷா, 1481இல் அவருக்கு மரண தண்டனை விதித்தார். பெருஞ்செல்வத்தை எதிர்பார்த்து அவரது கருவூலத்தைத் திறந்தவர்களுக்குக் கிடைத்தது சொற்பமே. தம் சொந்தச் செலவுக்கு வணிக ஆதாயத்தையே பயன்படுத்திய அவர், மற்றதைப் படைவீரருக்கும் ஏழைகளுக்கும் செலவிட்டதாக வரலாற்றாசிரியர் ஃபிரிஷ்தா கூறுகிறார். மறு ஆண்டே சுல்தானும் இறந்தார். பேரரசு படிப்படியாக ஐந்து அரசுகளாகப் பிரிந்தது.

1657இல் பீதர் முகலாயர் வசமானது. பின்னர் மதரஸாவின் ஒரு பகுதியில் வெடிமருந்து சேமிக்கப்பட்டது. 1690களில் அது வெடித்து, முகப்பின் தென்பகுதியும் ஒரு மினாராவும் அழிந்தன. எஞ்சிய கட்டடம் தற்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

அங்கே செல்வோர் வண்ண ஓடுகளை வியப்பதோடு திரும்பிவிட வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள். உள்ளே சென்று மாணவர் அறைகளையும் காணுங்கள். கருவூலத்தில் இல்லாத செல்வம் எங்கே சென்றது என்பதற்கு விடை அந்த அறைகளில் இருக்கிறது.