ஐந்தாம் பாகம் முடிந்த பிறகு

'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது சித்தூர் சென்னை ராஜ்யத்தில் இருந்தது. முடிந்தபோது ஆந்திராவில். அந்த மண்ணின் தமிழ் வாசகருக்கு ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கம் சற்றுக் கூடுதலாகவே கனக்கிறது.

பிடித்த கதையின் கடைசிப் பக்கத்தை முடித்தவர் உடனே புத்தகத்தை மூடிவிடுவதில்லை. இன்னும் ஏதாவது இருக்காதா என்று அடுத்த தாளைப் புரட்டிப் பார்ப்பார். கல்கியின் வாசகருக்கு அங்கே ஒரு முடிவுரை காத்திருக்கிறது. மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் பின்தொடர்ந்த நேயர்கள், கதையைச் சட்டென்று நிறுத்திவிட்டீர்களே என்று மனத்தாங்கல் கொண்டார்கள். இன்னார் என்ன ஆனார், அன்னார் எங்கே போனார் என்று கேள்விகளை அடுக்கினார்கள். நடந்த சரித்திரத்தைக் கையாளும் கதையைக் கல்யாண விருந்தோடு முடித்துவிட முடியாது என்று கல்கி பொறுமையாக விளக்கினார். தொடர் முடிந்தது 1954 மே மாதம். அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி அவர் காலமானார். மிச்சமிருந்த கேள்விகள் வாசகர்களிடமே நின்றுவிட்டன.

தமிழ்நாடு முழுவதும் நடந்த கதைதான் இது. சித்தூரில் அதற்கு வேறொரு பக்கமும் உண்டு. 'கல்கி' இதழில் முதல் அத்தியாயம் வந்தது 1950 அக்டோபரில். 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது, 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் திருப்பதியோடு சேர்ந்து அங்கே போயிற்று. வடக்கெல்லை வேங்கடமே என்று ம.பொ.சி. நடத்திய கிளர்ச்சிக்குப் பலன் பின்னால்தான் வந்தது, அதுவும் பாதி: 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது, சித்தூரும் திருப்பதியும் திரும்பவில்லை. அந்தக் காலத்தில் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மணியத்தின் படங்களோடு பைண்டு செய்து வைப்பது வீட்டுக்கு வீடு நடந்த வேலை. சித்தூரில் ஒருவர் அப்படிச் செய்திருந்தால், அந்தத் தொகுப்பின் முன்பாதி ஒரு ராஜ்யத்தில் படித்தது, கடைசிப் பகுதி இன்னொன்றில். அஞ்சல்காரர் பழையவராகவே இருந்திருக்கலாம்.

கதையின் மண் எல்லை தாண்டிப் போய்விடவும் இல்லை. வந்தியத்தேவனை வாணர் குலத்தவனாகப் படைத்தார் கல்கி. சரித்திரத்து வாணர்கள் கோலார், சித்தூர், வேலூர்ப் பக்கம் ஆண்டவர்கள். சித்தூரைத் தொட்டு ஓடும் நீவா நதி தமிழ்நாட்டுக்குள் பொன்னை ஆறு என்று பெயர் மாறி, வாணர்களோடு தொடர்புடைய திருவல்லத்தைக் கடந்து பாலாற்றில் கலக்கிறது. ஆக, தஞ்சாவூர்க்காரர்கள் என்னதான் உரிமை கொண்டாடினாலும் கதாநாயகன் இந்தப் பக்கத்துப் பையன். அதே ஆற்றின் கரையில் மேல்பாடி இருக்கிறது. அங்கே தன் பாட்டன் அரிஞ்சயனின் நினைவாக ராஜராஜன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயிலைப் பார்க்கலாம். நாவலை முடித்தவர் தேடும் அருள்மொழிவர்மன், கதை நின்ற இடத்துக்குப் பிறகு என்ன செய்தான் என்பதற்கு அந்தக் கல் ஒரு பதில்.

இன்னொரு பதில் காளத்திக்கு அருகே, தொண்டைமானாட்டில். சுந்தர சோழரின் கொள்ளுப்பாட்டன் முதலாம் ஆதித்தன் உயிர் விட்டது அங்கேதான். 'தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்' என்றே அவனைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. மகன் முதலாம் பராந்தகன் அங்கே பள்ளிப்படை எழுப்பினான். காவிரிக் கரையில் தொடங்கிய குலக்கதையின் முக்கியமான ஒரு சாவு நடந்த இடம் இன்றைய திருப்பதி மாவட்டத்துக்குள் இருக்கிறது.

திருமலையில் கிடைப்பது இவற்றையும் விஞ்சும். நாவலில் சுந்தர சோழரின் அருகில் இருப்பவள் மலையமான் மகள் வானவன்மாதேவி. கணவரோடு அவள் உயிர் துறந்ததைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. ஆனால் சுந்தர சோழருக்கு இன்னொரு தேவியும் உண்டு. சேர மன்னன் மகளான அவள் கதையில் முக்கிய இடம் பெறாதவள். ராஜராஜனின் 16ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1001 வாக்கில், அவள் வேங்கடவனுக்கு மணிகள் பதித்த பொற்பட்டம் ஒன்றைக் காணிக்கையாகத் தந்தாள். கணவன் இறந்து கால் நூற்றாண்டு கடந்த பிறகு, தஞ்சையின் ராணி ஒருத்தி வடக்கே பார்த்துக் கும்பிட்டிருக்கிறாள். தேவஸ்தானம் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகளில் இது இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. தரிசன வரிசையில் மணிக்கணக்கில் நிற்கும் கல்கி ரசிகருக்கு இதை யாரும் சொல்வதில்லை. சொன்னால் வரிசை அவ்வளவு நீளமாகத் தெரியாது.

எழுதாமல் விட்ட பிற்பகுதியை எழுதிப் பார்த்தவர்கள் தமிழில் பலர். விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் கதையைத் தொடர்ந்தார். பாலகுமாரன் 'உடையா'ரில் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டும் ராஜராஜனை ஆறு பாகங்களுக்கு எழுதினார். அவற்றைப் படித்த பிறகும் பழைய ஏக்கம் அடங்கியதாகத் தெரியவில்லை. வாசகர் கேட்பது ராஜராஜனின் வெற்றிகளை அல்ல, வந்தியத்தேவனின் குறும்பை. அது கல்கியோடு போயிற்று.

1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு, மலிவுப் பதிப்புகள் குவிந்தன; எல்லை தாண்டி ஐந்து பாகங்களையும் வாங்கி வருவது எளிதாயிற்று. கஷ்டம் வேறிடத்தில். சித்தூர், நகரி, குப்பம் பக்கங்களில் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்றே பல குடும்பங்களில் இரண்டு மூன்று தலைமுறைகள் கடந்துவிட்டன. பேச்சு மிஞ்சியது, எழுத்து நழுவியது. பாட்டி பைண்டு செய்து வைத்ததைப் பேத்தியால் எழுத்துக் கூட்டக்கூட முடியாது. நாவலை முடித்தவருக்கு உடனே வேண்டியது, 'நந்தினி பாவம் இல்லையா?' என்று கேட்டால் பதிலுக்குச் சண்டை போட ஓர் ஆள். அந்த ஆள் வீட்டுக்குள் கிடைப்பது அரிதாகிவிட்டது.

மணிரத்னத்தின் படம் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகங்களாக, தெலுங்கு உட்படப் பல மொழிகளில் வந்தது. அதே 2022 ஏப்ரலில்தான் சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானது. இந்த மண்ணுக்குப் பிரிவினை பழகிப்போன சங்கதி. தெலுங்கில் படம் பார்த்து வந்த பிள்ளைகளுக்குச் சந்தேகங்கள் எழுந்தால், தீர்த்துவைக்க வீட்டில் ஒரு பெரியவரும் பரணில் ஐந்து பாகங்களும் இருக்கலாம். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் பாகத்தை எடுத்து, ஆடிப்பெருக்கு நாளில் வீராணம் ஏரிக்கரையில் வரும் குதிரைக்காரனிலிருந்து உரக்க வாசிக்கலாம். கேட்பதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை. தினம் ஓர் அத்தியாயம் என்றாலும் 'தியாக சிகரம்' முடிய ஒரு வருஷம்கூட ஆகாது. நடுவில் பத்தாம் வகுப்புப் பரீட்சை குறுக்கிடாமல் இருக்க வேண்டும்.